சிப்பிக்கு எதற்கு ஸ்டூல்

அலங்காரி ஜவுளி மாளிகையில் ஊழியர்களுக்கு உட்கார இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விற்பனைப் பெண்களுக்கென்றே வாங்கிய ஸ்டூல்கள் கீழ்த்தளக் கிடங்கில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த வாரமே முதலாளி சிவனணைந்த பெருமாள் வாங்கிப் போட்டவை. அவர் சட்டத்தை மதிக்கிறவர். இருக்கை வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது, எந்தத் தளத்தில் வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டூல்கள் லிஃப்டில் ஏறும். அவர் போனதும் இறங்கும். ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது. ஸ்டூல்கள் ஏறலாம்.

இரண்டாவது மாடிப் பட்டுப் பிரிவில் நிற்கிற வெயிலுகந்தாள் என்கிற வெயிலுவுக்குக் காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. மணிக்கு ஒருமுறையாவது உட்கார வேண்டும், இல்லையென்றால் கால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மேனேஜர் கைலாசத்திடம் போய்ச் சொன்னாள்.

"உக்காரலாமே. யாரு வேண்டாம்னா? வீட்ல போயி நல்லா உக்காரு" என்றார் கைலாசம்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கால் வலிதான்.

இந்தக் கால்வலிக்கு ஒரு வழி தூத்துக்குடியில் பிறந்தது. கடற்கரையோரம் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே டாக்டர் ஜெசிந்தா பல வருடமாகச் சிப்பியை அறுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைத் திறந்து, இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடுகிற தசையை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பனிக்கட்டியில் வைத்து நறுக்குவார்கள், அரைப்பார்கள், உப்புத் தண்ணீரில் அலசுவார்கள். உப்பைக் கூட்டிக் கூட்டி மறுபடி அலசினால் ஒவ்வொரு புரதமாகக் கரைந்து வரும். சுழற்றும் எந்திரத்தில் போட்டால் வேண்டாதது அடியில் தங்கும். அந்த எந்திரம் பழசு. சுற்ற ஆரம்பித்தால் வீட்டு கிரைண்டர் மாதிரி கத்திக்கொண்டு ஒரு பக்கமாக நடந்துபோகும், இரண்டு மாணவர்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டால் குழாயின் அடியில் நகக்கண் அளவு வெள்ளையாக ஏதோ மிஞ்சும். அதுதான் அவள் தேடியது. அறிவியலுக்குப் போனது போக மிச்சமிருக்கும் சிப்பிக் கறியை மாணவர்கள் மிளகு போட்டு வறுத்து மதியம் சாப்பிட்டுவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் தவறாமல் வெற்றி பெற்ற சோதனை அது ஒன்றுதான்.

கழுத்து நிற்காத குழந்தைகளுக்காகத்தான் ஜெசிந்தா இதைத் தொடங்கினாள். தசை பலவீனத்தோடு பிறந்து, தலையைத் தூக்கி அம்மா முகத்தைப் பார்க்க முடியாத பிள்ளைகள். அந்தக் கழுத்துக்குச் சிப்பியின் பிடிப்பைக் கொடுக்க முடியுமா என்பது அவள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் கழுத்து நிற்காத குழந்தைகள் யாருக்கும் லாபம் ஈட்டித் தருவதில்லை. அதனால் கேட்ட இடத்திலெல்லாம் கைவிரித்தார்கள்.

கடைசியில் நெல்லையில் வர்த்தகர்கள் கூட்டம் ஒன்றில் பேசப் போனாள். முன்வரிசையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த சிவனணைந்த பெருமாள், "களைப்பே இல்லாமல்" என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் நேராக அவளிடம் வந்தார்.

"டாக்டரம்மா, அந்தச் சிப்பி நாள் பூரா மூடிக்கிட்டே கெடக்கும்னீங்களே. அதுக்கு வலிக்காதா?"

"வலிக்காது அண்ணாச்சி. நாம ஒரு குடத்தத் தூக்கிப் பிடிச்சா, பிடிச்சிருக்க நேரமெல்லாம் தசை வேல செஞ்சுகிட்டே இருக்கணும். அதான் அசதி. சிப்பிக்கு மூடுற வரைக்கும்தான் வேல. மூடிட்டா உள்ள இருக்க புரதம் கொக்கி போட்டுக்கிடும். நாம கதவச் சாத்திட்டு முதுகக் குடுத்துத் தள்ளிக்கிட்டு நிக்கோம். அது தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிருது."

"தீனி இல்லாம நிக்குது."

"நிக்கல அண்ணாச்சி. மூடிக்கிட்டு இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. சரி, அத மனுசன் கால்ல வைக்க முடியுமா?"

"ஊசி போட்டா நம்ம தசையே அந்தப் புரதத்தச் செய்ய ஆரம்பிச்சிரும். ஒரு மாசம்போலத் தாங்கும். ஆனா நான் கழுத்துக்கு…"

"மொதல்ல காலுக்குப் பண்ணுவோம். கழுத்து எங்க போயிரப் போவுது" என்றார் பெருமாள்.

அடுத்த மாதமே நடக்காத, கத்தாத, புதுச் சுழற்றும் எந்திரம் வந்து இறங்கியது. ஜெசிந்தாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மனிதர்மேல் சோதனை செய்ய அனுமதியும் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் கதை வேறு பக்கம் போய்விடும்.

முதலில் மாணவர்கள் போட்டுக்கொண்டார்கள். காலையில் வரிசையாக நிற்பார்கள். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் காலில் பூட்டு விழும். கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பார்கள், வலி இல்லை, அசதி இல்லை. சரியாக நாலு மணி நேரத்தில் பூட்டு தானாகத் திறந்துவிடும். ஒரு நாள் தவறவில்லை. ஒரே ஒரு தடவை சாயங்காலம்வரை திறக்காமல் படுத்தியது. அது ஊசி போட்டவர் கைப்பிசகு என்று ஜெசிந்தா தள்ளிவிட்டாள்.

ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் கடையில் வெள்ளோட்டம் என்று முடிவானது. அன்றே தொழிலாளர் துறை ஆய்வாளர் நயினா முகமதுவையும் பெருமாள் வரச் சொல்லியிருந்தார். கையில் ஒரு மனு வைத்திருந்தார். எங்கள் ஊழியர்களுக்கு நிற்பதில் சிரமம் எதுவும் இல்லாததால் இருக்கை வைக்கும் கடமையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும் என்று மனு சொன்னது. இவருக்குக் கிடைத்துவிட்டால் மாவட்டத்தில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் இதே மனுவைப் பெயர் மாற்றி எழுதத் தயாராக இருந்தார்கள். ஸ்டூல்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு கல்யாண மண்டபமும் பேசி வைத்திருந்தது.

ஊசி விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். விருப்பம் இருக்கிறதா என்று கைலாசம் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்கும்போது வேலைநீக்க உத்தரவு அடிக்கிற கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் வெயிலு போட்டுக்கொண்டது பயத்தால் இல்லை. வலி போகும் என்றார்கள். வலி போனால் போதும் என்றுதான் காலை நீட்டினாள்.

"எம்புள்ளைங்களுக்குப் போடுறத நானும் போட்டுக்கிடுதேன். நாளைக்கி ஒருத்தன் ஒரு பேச்சுப் பேசிரக் கூடாது" என்று பெருமாளும் வேட்டியை ஒதுக்கினார். "கைக்கும் தோளுக்கும் சேத்துப் போடுங்க டாக்டரம்மா. காலையிலருந்து வாசல்ல நின்னு கும்பிட்டு வரவேற்கணும்லா. சாயங்காலம் தோள்பட்ட கழண்டு போவுது."

வேண்டாமென்று ஜெசிந்தா சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு, சந்தனம் வைத்து, வாசலில் கைகூப்பி நின்றார். உள்ளாட்சித் தேர்தல் நேரம். எதிர்ச்சாரியில் ஒரு வேட்பாளர் திறந்த வண்டியில் நின்று கும்பிட்டபடி போனார். பெருமாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னல கும்புடுதான், கொசு அடிக்க மாதிரி. எங்கிட்ட வந்து கத்துக்கிடச் சொல்லு" என்றார் கைலாசத்திடம்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆடித் தள்ளுபடியில் புடவைகள் பறந்தன. இரண்டாவது மாடியில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் அவரவர் கவுண்டருக்குப் பின்னால் அசையாமல் நின்றார்கள். கை வேலை செய்தது, வாய் பேசியது. இடுப்புக்குக் கீழே தூண். வெயிலு தோளில் புடவையைப் போட்டு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் வந்து கேட்டாள்.

"எப்படியிருக்கு?"

"வலி இல்ல மேடம். கால் இருக்கான்னே தெரியல."

"சந்தோஷமா?"

வெயிலு புடவையை மடித்து வைத்தாள். "வலி இல்ல மேடம்" என்றாள் மறுபடி.

அந்தப் பதிலை ஜெசிந்தா கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

நயினா முகமது மதியம் வந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "உக்காரணுமாம்மா?" என்று கேட்டார். "வேண்டாம் சார்" என்றார்கள் எல்லோரும். இத்தனை வருட வேலையில் இந்தப் பதிலை எல்லாக் கடைகளிலும் கேட்டிருக்கிறார். அது உண்மையாக இருந்தது இன்றைக்குத்தான். அவருக்கே கொஞ்சம் கலக்கமாகிவிட்டது.

"பூட்டுனதப் பாத்துட்டேன்" என்றார். "தெறக்கதையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

"ரெண்டு மணிக்குத் திறந்துரும் சார், தானா" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு மணி ஆனது. திறக்கவில்லை. கூட்டம் அதிகம், கொஞ்சம் தாமதமாகும் என்றாள் ஜெசிந்தா. கூட்டத்துக்கும் புரதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நயினா முகமது கேட்கவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். இரண்டரை ஆனது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும். போக முடியவில்லை.

அப்போது மூன்றாவது கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர் அம்மா சத்தம் போட்டார். "ஏம்மா, எத்தன தடவ கேக்கது? இந்த மாம்பழக் கலர்ல சின்ன பார்டர் இருக்கா இல்லியா? காதுல விழுதா? என்ன திமிரு பாருங்க!"

பதில் சொல்ல வேண்டிய பிரிஸ்கில்லா தலையைக் குனிந்து நின்றாள். கையில் மாம்பழக் கலர் புடவை. கண் பாதி மூடியிருந்தது. ஜெசிந்தா ஓடிப்போய் முகத்தை நிமிர்த்தினாள், தலை மறுபக்கம் சாய்ந்தது. பெண் மயங்கிவிட்டிருந்தாள். மயங்கினால் விழுவார்கள், விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். பிரிஸ்கில்லாவால் விழக்கூட முடியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ, அதுவரை அந்த அம்மா அவளிடம் விலை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஷோகேஸ் பொம்மையைத் தூக்குவதுபோல நாலு பேராகத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள். கால் மடங்கவே இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து, "சின்ன பார்டர் இருக்கும்மா, எடுக்கேன்" என்றாள். ஜெசிந்தா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். ஆய்வுக்கூடத்தில் நாலு மணி நேரம். இங்கே நாலரை மணி நேரம் தாண்டியும் திறக்கவில்லை. அங்கே திறக்காமல் போனது ஒரே ஒரு நாள். அன்றைக்கு என்ன நடந்தது? அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அடுப்பில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது.

"ஐயோ, சிப்பி வறுவல்" என்றாள்.

நயினா முகமது குனிந்து பார்த்தார். "என்னம்மா சொல்லுதீங்க?"

"சார், சிப்பியோட பூட்டத் திறக்குறது செரோட்டோனின்னு ஒரு பொருள். அதோட நரம்பு அத அனுப்பும், தசை விட்டுரும். மனுஷங்களுக்குப் பூட்ட வைக்கும்போது அந்தச் சாவித் துவாரத்தையும் சேத்துத்தான் வச்சேன். சாவி நம்ம உடம்புல எப்பவும் இருக்கே, கொஞ்சம் கொஞ்சமாத் திறந்துக்கிடும்னு நெனச்சேன். ஆனா அது மனசு குளிரும்போதுதான் திறக்குற அளவுக்கு ஊறும்போலிருக்கு. எங்க லேபுல தெனம் மத்தியானம் வறுவல் வாசம் வரும். பசங்க நாலு மணி நேரமா அதுக்குத்தான் நின்னாங்க. வாசம் வந்ததும் கால் திறந்திருக்கு. நான் கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தேன்."

"அப்ப இவங்க?"

"சந்தோஷப்பட்டாத் திறக்கும்."

வெயிலு கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி இதைக் கேட்டாள். "இங்கயா மேடம்?" என்றாள். "டூட்டி நேரத்துல எப்படி?"

"மருந்தா ஊசியில போட முடியாதா?" என்றார் ஆய்வாளர்.

"தட்டுல இருக்க தசைக்கு ஊத்தலாம் சார். மனுஷ ரத்தத்துல ஊத்துனா இதயம் என்னாகும்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியாத எதையும் நான் செய்யமாட்டேன்."

செய்தி வாசலுக்குப் போனது. பெருமாள் நகர முடியாமல் கைகூப்பி நின்றதால், கைலாசம் ஒலிபெருக்கியின் மைக்கை அவர் வாயருகே பிடித்தார். தள்ளுபடி விவரமும் காணாமல்போன குழந்தைகளின் சட்டை நிறமும் மட்டுமே கேட்டுப் பழகிய ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வந்தது.

"பிள்ளைகளா, எல்லாரும் சந்தோஷமா இருங்க. தீவாளிக்கு நல்ல போனஸ் உண்டு."

ஒரு கால்கூட அசையவில்லை. இதே வாக்கைப் போன தீபாவளிக்கும் கேட்டிருந்தார்கள்.

"மாசத்துக்கு ஒரு நா சேத்து லீவு தாரேன்."

அசையவில்லை.

"நீங்கல்லாம் எனக்கு மக மாதிரில்லா."

வெயிலுவுக்குத் தொடை இன்னும் இறுகிற்று. காதை ஏமாற்றலாம், சில சமயம் மனசையும் ஏமாற்றலாம். தசை படிக்காதது, அதனிடம் பேச்சு எடுபடவில்லை.

கைலாசம் அல்வா வாங்கி வந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நின்றபடி சாப்பிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. தூத்துக்குடியில் வறுவல் செய்ததை நெல்லையில் அல்வா செய்யவில்லை. வறுவல் அந்த மாணவர்கள் தாங்களே வறுத்தது, வாசம் வந்தால் வேலை நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இது தின்றுவிட்டு மறுபடி நிற்க வேண்டிய அல்வா.

நயினா முகமது ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். பிறகு கைலாசத்தைக் கூப்பிட்டார். "ஸ்டூலெல்லாம் எங்க?"

"கீழ இருக்கு சார். ஆனா இவங்களால இப்ப உக்கார முடியாதே."

"முடியுமோ முடியாதோ. சட்டப்படி இங்க இருக்கணும். கொண்டாங்க."

லிஃப்ட் ஏறி இறங்கியது. ஸ்டூல்கள் வந்தன. பெண்கள் அதை அக்கறையில்லாமல் பார்த்தார்கள். ஸ்டூல்கள் வருவதை அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள்.

"சார், நீங்க போனதும் இது கீழ போயிருமா?" என்று வெயிலு கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் தன் பேனாக்கத்தியை எடுத்து முதல் ஸ்டூலின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். சர்ரென்று அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. இரண்டாவதைக் கிழித்தார். மூன்றாவதற்கு ஜெசிந்தாவும் சேர்ந்துகொண்டாள். சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து சங்கிலிகளும் பூட்டுகளும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு ஸ்டூலையும் அதனதன் கவுண்டர் காலோடு கட்டிப் பூட்டினார். சாவிக்கொத்தைக் கைலாசம் கையில் கொடுக்கவில்லை, வெயிலுவின் கவுண்டரில் வைத்தார். கடைசியாக விலக்கு மனுவின்மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"போகாதும்மா" என்றார்.

வெயிலுவின் வலது முழங்கால் மடங்கியது. அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். இடதும் மடங்கியது. அப்படியே ஸ்டூலில் விழுந்தாள். அடுத்த கவுண்டரில் ஒருத்தி "ஏ யம்மா" என்று உட்கார்ந்தாள். வரிசையாக ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் உட்காராமல் நேரே பாத்ரூமுக்கு ஓடினாள். தரையில் கிடந்த பிரிஸ்கில்லா காலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பூட்டுப் போனதும் வலி திரும்பி வந்தது, சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாக. வெயிலுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் வலியோடு உட்கார்ந்திருப்பது, வலி இல்லாமல் நின்றதைவிட ஆயிரம் மடங்கு சுகமாக இருந்தது.

கடையை உடனே மூடச் சொல்லிவிட்டார் ஆய்வாளர். மிச்சமிருந்தது வாசலில் நின்றவர்தான்.

பெருமாளைத் திறக்க எல்லோரும் முயன்றார்கள். "அண்ணாச்சி, போன ஆடியவிட இன்னைக்கி வியாபாரம் ஜாஸ்தி" என்றார் கைலாசம். "எதுத்த கடையில எப்படி?" என்று கேட்டார் பெருமாள். கை பிரியவில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் போனில் பேசினான். "எப்பப் பாத்தாலும் ரூவா கேக்கத்தான் போன் பண்ணுவான்" என்றார், இன்னும் இறுகியது. மகிழ்ச்சிக்கு வேண்டியதெல்லாம் வாழ்நாள் முழுக்க வாங்கிப்போட்ட மனிதர், எல்லாம் உறை பிரிக்காமல் எங்கோ கிடங்கில் இருந்தது.

அலங்காரியின் ஊழியர்கள் எப்போதும் பின்வாசல் வழியாக, பையைச் சோதித்த பிறகுதான் வெளியே போவார்கள். அன்றைக்குச் சோதிக்க ஆள் இல்லாததால் முன்வாசல் வழியாகவே அனுப்பினார்கள். ஒவ்வொரு பெண்ணாக வெளியே வந்தாள். ஒவ்வொருத்திக்கும் முதலாளி கைகூப்பி நின்றார். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. வேலை முடிந்து போகும்போது வெயிலைப் பார்த்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

கடைசியாக வெயிலு வந்தாள். கால் நோக, அவர் முன்னால் நின்றாள். அவர் நெற்றியில் சந்தனம் வியர்வையில் கரைந்து வழிந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"ஒரு ஸ்டூல் கொண்டாரட்டுமா அண்ணாச்சி?"

"எல்லாத்தையும் கிழிச்சிட்டீங்களா?" என்றார் அவர். "பிளாஸ்டிக்க ஏன் கிழிச்சீங்க? மண்டபத்துக்காரன் புதுசுன்னுல்லா வெல பேசியிருக்கான்."

வெயிலு அவரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கைகூப்பி நிமிர்ந்து நிற்கிறவரைப் படுக்கையில் கிடத்தினால் முழங்கை இரண்டும் கதவில் இடித்தது. கடைசியில் கடையின் சரக்கு வண்டியிலேயே நிற்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாய்ந்துவிடாமல் ஜெசிந்தா பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து நிற்காத குழந்தைகளைப் பற்றி யோசித்துக்கொண்டே போனாள். அந்தப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சம்பளமும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம், ஒரு கிலுகிலுப்பை போதும். எந்திரத்தைப் பெருமாள் திருப்பிக் கேட்பதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

வெயிலு ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் அந்தச் சரக்கு வண்டியும் வந்து நின்றது. திறந்த வண்டி, வெள்ளை வேட்டி, கூப்பிய கை. ரோட்டில் போனவர்கள் நின்று பதிலுக்குக் கும்பிட்டார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்" என்று கத்தினார். பூக்காரி ஒருத்தி மாலையை வீசினாள், அது சரியாகக் கழுத்தில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி ஓடினார்கள்.

பெருமாளின் முகம் மெல்ல மாறியது. உதடு விரிந்தது. ஒட்டியிருந்த உள்ளங்கைகள் பிரிந்தன. வலது கையை உயர்த்தி, ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி ஆட்டினார். வண்டி நகரும்போது இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் திருப்பம் வந்தும் வண்டி திரும்பவில்லை, நேரே பஜார் பக்கம் போனது.

பஸ்ஸில் வெயிலுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் சோற்றுப் பை, கழுத்தில் ஏதோ கடையின் அடையாள அட்டை.

"யாருக்கா அது? புதுசா நிக்காரோ? என்ன சின்னம்?"

"ஸ்டூலு" என்றாள் வெயிலு.

அந்தப் பெண் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். வெயிலு ஜன்னல் பக்கம் ஒடுங்கி நகர்ந்து, சீட்டில் பாதி இடம் விட்டாள். எழுந்திருக்கவில்லை.